கத்தரிக்காயில் சிப்பாய் மறைகிறான்

ஜூலை 7, ஞாயிறு

சீட்டுக் குலுக்கலில் என் பெயர்! மதாம் தெல்ஃபின் மடித்த தாளைப் பிரித்து "செலின்" என்றதும், வேறு செலின் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஆகஸ்ட் பதினேழு, நூலக மாடி அரங்கத்தில், இருநூறு பேருக்கு முன்னால் நான் பேச வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்கூடப் பேசாமல் வீடு திரும்புகிற நான்.

எங்கள் கூட்டத்தில் மொத்தம் ஏழு பேர். மாதத்தில் இரண்டு ஞாயிறு, மாலை நாலு மணிக்கு, துமாஸ் வீதியில் மதாம் வீட்டுக் கூடத்தில் பழைய இசைத்தட்டுகள் கேட்போம். வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கே திறந்த கூட்டம். ஒரே படைப்பின் மூன்று ஒலிப்பதிவுகளை ஒருவர் ஒப்பிட்டுப் பேசுவார். எது சிறந்தது என்று கூட்டம் வாக்களிக்கும். இந்த வருடம் அந்தப் பிரெஞ்சு ஆப்பரா, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்ணும், அவளுக்காக எல்லாவற்றையும் இழக்கிற சிப்பாயும் வருவது. பாண்டியில் ஒரு வருடம் பிரெஞ்சு படித்தவர்கூட அதில் ஒரு பாட்டையாவது முணுமுணுப்பார்.

"மத்மசேல் வாயத் தெறந்து நாலு வார்த்த பேசி நான் பாத்ததில்ல. அந்த மைக்கு என்னா பாவம் பண்ணுச்சு?" என்றார் முசே பிரகாசம். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் சார்ஜெண்டாக இருந்தவர். இன்னும் எல்லோரையும் அணிவகுப்பில் நிறுத்தித்தான் பேசுவார்.

"மைக் என் பொறுப்பு முசே. அவங்க மூச்சு விட்டாலும் கடைசி வரிசைக்குக் கேக்க வெப்பேன்" என்றார் தனிஸ்லாஸ். மிஷன் வீதியில் ஒலிக்கருவி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்.

மதாம் சொன்னதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன், பயம் வரும்போது படிக்க: "பேச்செல்லாம் தானா வரும். காதுதான் முக்கியம். நம்ம கூட்டத்துல செலினுக்குத்தான் காது."

வழக்கமான இடது ஓர நாற்காலி. அங்கிருந்துதான் எல்லோரையும் பார்க்க முடிகிறது.

ஜூலை 9, செவ்வாய்

பென் டிரைவ் வந்துவிட்டது. மூன்று பதிவுகளையும் தனிஸ்லாஸ் கணினிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

பாடியவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் சேருவதற்கு முன்பு ஒரு புகழ்பெற்ற பாடகியின் பெயரை வைத்து இரண்டு உறுப்பினர்கள் சண்டை போட்டு, எட்டு மாதம் பேசாமல் இருந்தார்களாம். அன்றிலிருந்து மதாம் தட்டுகளின் உறையைக் காக்கித் தாளில் சுற்றிவிடுவார். நடுவில் இருக்கும் எழுத்தின் மேலும் தாள் ஒட்டிவிடுவார். அன்றைக்குக் கூடையில் இருக்கும் காய்களின் பெயரைச் சூட்டுவார். வாக்குப் பதிவு முடிந்த பிறகுதான் பிரிப்பது. பாடகர்களின் புகழ் நம் காதுக்குள் வராமல் இருக்க வேறு வழியில்லை என்பார்.

ஆக இந்த வருடம்: வெண்டை, முருங்கை, கத்தரி.

இன்று வெண்டை முழுவதும் கேட்டேன். மூன்றிலும் பழையது. எல்லாச் சத்தமும் ஒரே புள்ளியிலிருந்து வருகிற ஒற்றைத்தடப் பதிவு. மழை பெய்வது போன்ற இரைச்சலுக்குப் பின்னால் ஒரு சின்ன நாடகக் குழு. யாரும் தொண்டையைக் காட்டப் பாடவில்லை. பக்கத்து வீட்டில் சண்டை நடப்பது போல வார்த்தைகள் விழுகின்றன. கதாநாயகி முதல் பாட்டில் படி இறங்குவது போலச் சுரம் சுரமாக வழுக்கி இறங்குகிறாளே, அதை இவள் ஒரு தோள் அசைவாகச் செய்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

நிறுத்திய பிறகும் அந்த இரைச்சல் கொஞ்ச நேரம் காதிலேயே நிற்கிறது. பழைய தட்டுகளின் பிடிவாதம்.

அம்மா மூன்று தடவை கூப்பிட்டாளாம். கடைசியில் வந்து தோளைத் தட்டினாள். "பெரியம்மா மாதிரியே தலையச் சாய்க்காதேன்னு எத்தன தடவ சொல்றது?" பாட்டுக் கேட்கிறபோது எல்லோரும்தான் தலையைச் சாய்க்கிறார்கள்.

ஜூலை 12, வெள்ளி

முருங்கை. பெரிய வாத்தியக் குழு, பளபளப்பான பதிவு. எல்லோரும் மேடை நடுவில் கூடி நின்று, புகைப்படம் எடுக்கப்போகிறவர்கள் போலப் பாடுகிறார்கள். சிப்பாய் பூவைப் பற்றிப் பாடும் பாட்டின் முடிவில், மேலே போகப் போகக் குரலை மெல்லியதாக்க வேண்டும். இவர் கூரையைப் பிய்க்கிறார். இதுவும் முருங்கைக்காய்தான்: நீளம், சாறு கொஞ்சம்.

இதைப் பேச்சில் சொல்லலாமா? சொல்வேன்.

ஜூலை 14, ஞாயிறு

பிரெஞ்சுத் தேசிய நாள். கூட்டம் இல்லை. முசே பிரகாசம் பதக்கங்கள் அத்தனையும் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கைதட்டினேன்.

தனிஸ்லாஸ் என் இடது பக்கம் நின்றிருந்தார். வாத்தியம் முழங்கும்போது என்னிடம் ஏதோ சொன்னார். நான் சிரித்து வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, பிறகு கடலைப் பார்க்க ஆரம்பித்தார். வானிலை பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

ஜூலை 16, செவ்வாய்

எழுத முடியவில்லை, கை ஓடுகிற வேகத்துக்கு எழுத்து வரவில்லை. கத்தரி!

அறுபதுகளின் பதிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டீரியோ புதிது. ஒலிப்பதிவுக்காரர்கள் அதை வைத்து மேடையையே கட்டியிருக்கிறார்கள். ஆட்கள் நடக்கிறார்கள், கதவு திறக்கிறது, கூட்டம் தூரத்தில் ஆரவாரிக்கிறது. ஆனால் நான் துள்ளியது அதற்காக இல்லை.

கடைசிக் காட்சி. காளைச் சண்டை அரங்கத்துக்கு வெளியே அவனும் அவளும் மட்டும். என்னோடு வந்துவிடு என்று அவன் கெஞ்சுகிறான். மாட்டேன் என்கிறாள். உள்ளே கூட்டம் இன்னொருவனுக்காகக் கத்துகிறது. மற்ற இரண்டு பதிவுகளிலும் அவன் குரல் ஏறிக்கொண்டே போய்க் கத்திக்குத்தில் முடிகிறது. கத்தரியில் அப்படி இல்லை. கத்தரியில் அவன் மறைகிறான்! அவள் என் பக்கத்தில், மூச்சுப் படுகிற தூரத்தில் நிற்கிறாள். அவனோ மூடிய கதவுக்குப் பின்னால் நின்று கெஞ்சுவது போலப் பாடுகிறான். உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு அவன் இல்லாதவனாகிவிட்டான். அதனால்தான் அவளுக்குப் பயமே இல்லை. இல்லாத ஒருவனைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அவன் கொல்லும்போதுகூடக் கொலைகாரன் குரல் நமக்குக் கிடைப்பதில்லை, அவள் மௌனம் மட்டும்தான்.

நாலு தடவை கேட்டேன். இணையத்தில் தேடினேன், அம்மா நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடித்த புத்தகத்திலும் தேடினேன். இந்த ஆப்பராவில் சிப்பாயை இப்படித் தேய்த்து அழித்ததாக யாருமே எழுதவில்லை. நான்தான் முதல்!

பேச்சுக்குத் தலைப்பும் கிடைத்துவிட்டது: மறைகிற சிப்பாய்.

ஜூலை 21, ஞாயிறு

பன்னிரண்டு பக்கம் எழுதி, அதில் இரண்டு பக்கத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. வாசித்து முடித்ததும் அமைதி. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முசே பிரகாசம்தான் முதலில் வாயைத் திறந்தார். "கத்தரியிலயா? மறையறானா? மத்மசேல், அந்த ஆளு கத்தற கத்து கடற்கரை வரைக்கும் கேக்குது!"

"நீங்க சத்தத்தைக் கேக்கறீங்க முசே. நான் அர்த்தத்தைச் சொல்றேன்."

"அர்த்தம் எங்கேருந்து வருது? சத்தத்துலேருந்துதான? பாரக்ஸ்ல என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இப்படித்தான் கத்துவான். அவன் மறைஞ்சிருந்தா நான் நல்லாத் தூங்கியிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மதாம் மட்டும் சிரிக்காமல், "சரி, இன்னொரு தடவ போட்டுப் பாத்துருவோம்" என்று கத்தரித் தட்டின் கடைசிப் பக்கத்தைப் போட்டார். ஒலிபெருக்கியில் அவன் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்டான். ஆனாலும் தூரம் தூரம்தான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனிஸ்லாஸ் பார்த்தது என்னை.

புதிதாக ஒன்றைச் சொல்பவளை முதலில் எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்கள். படித்திருக்கிறேன்.

ஜூலை 24, புதன்

அலுவலகத்தில் பதினொரு சான்றிதழ். தொலைபேசியை வலது கையில் பிடித்துக்கொண்டு எழுத முடிவதில்லை, ஆனால் இடது காதில் வைத்துப் பேசப் பழக்கம் இல்லை. வலது தோளில் இடுக்கிக்கொண்டு எழுதினேன்.

அம்மாவுக்கு ஒரே உற்சாகம். காரைக்காலிலிருந்து ஒரு வரன் விசாரித்திருக்கிறார்கள். செப்டம்பரில் வருவார்களாம்.

ஜூலை 27, சனி

தனிஸ்லாஸ் கடைக்குப் போனேன். அவருடைய ஹெட்போன் பழுது. வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 29, திங்கள்

இரண்டு நாளாக இந்தப் புத்தகத்தின் பக்கமே வரவில்லை. நானே எழுதி நானே படிக்கிற புத்தகத்தில் பொய் எழுதினால் யாரை ஏமாற்றுகிறேன்? சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேச்சில் ஒலிபரப்ப வேண்டிய துண்டுகளைக் குறித்துக் கொடுக்கத்தான் போனேன். கடையில் பெரிய ஹெட்போன் ஒன்று இருக்கிறது. இடம், வலம் என்று போட்டிருந்த எழுத்து தேய்ந்து போனது. எடுத்து மாட்டிக்கொண்டேன். கத்தரியின் கடைசிக் காட்சியைப் போட்டார்.

சிப்பாய் என் காதுக்குள் வந்து நின்று கத்தினான். அப்படி ஒரு குரல்! கெஞ்சலும் கோபமும் மூச்சிரைப்பும். அவளைக் காணவில்லை. அவள்தான் இப்போது கதவுக்குப் பின்னால்.

"உங்க ஹெட்போன் பழுது. இவளோட சத்தமே வரல" என்றேன்.

அவர் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் வருதே" என்றார். பிறகு திருகாணி ஒன்றைத் துணியால் துடைத்தார். "திருப்பி மாட்டிப் பாருங்க."

திருப்பி மாட்டினேன். அவள் வந்தாள். அவன் போனான்.

"செலின், நான் ஒண்ணு பண்ணிப் பாக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க." கருவியில் ஏதோ செய்தார். வலது காதில் ஒரு நீளமான விசில் சத்தம். "கேக்குதா?" கேட்டது. "இப்ப?"

எதுவும் இல்லை. "போடுங்க" என்றேன்.

"போட்டிருக்கேன்."

மேசை மேலிருந்த மானியில் முள் ஆடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் போய், அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் ஆடுகிறது. எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் வெகு தூரத்தில், கொசு ஒன்று பக்கத்துத் தெருவில் பறப்பது போல, மெல்லியதாக ஏதோ கேட்டது.

சிப்பாய் மறையவில்லை. அவனை இடது பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவுதான்.

பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்று பக்கத்துக்கு ஒரு புதிய மேற்கோள். என் காது கேளாததை ஒரு கலைக் கொள்கையாக்கி, அதற்கு அடிக்குறிப்பும் போட்டிருக்கிறேன். உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருப்பார்களா? கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு, சத்தியமாக, சிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காது மருத்துவரிடம் போனேன். ஒரு பெண்மணி, என் வயதைவிடப் பத்து வயது கூட இருக்கும், படபடவென்று பேசுகிறார். வலது பக்கம் உட்கார்ந்து பேசினார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நாற்காலிகளை எப்போதிலிருந்து தேர்ந்தெடுத்து உட்காருகிறேன்? கல்லூரியிலிருந்தா?

இசைக்கவை ஒன்றைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?"

இடது பக்கம்! கெட்ட காதில்தான் கணீரென்று கேட்டது! நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அவருக்கும் சிரிப்பு. "அதுதான் நல்ல சேதி. நரம்பு முழிச்சுக்கிட்டு இருக்கு. வாசல்தான் அடைச்சிருக்கு."

உடம்பிலேயே சின்ன எலும்பு, அரிசியில் பாதி அளவு. சத்தம் வரும்போது அது அசைய வேண்டும். அதன் காலடியில் புது எலும்பு வளர்ந்து இறுகிப் போயிருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஊசிமுனை போன்ற ஒரு கருவியை வைக்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். நூறில் ஒருவருக்கு இருக்கிற கேட்கும் திறனும் முழுவதும் போய்விடலாம். நிறுத்தியும் எனக்குள் நிற்காத அந்த இரைச்சல் வெண்டையுடையது இல்லையாம், என்னுடையதாம்.

"குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே காது மந்தமாச்சா?"

பெரியம்மா. கல்யாண வீடுகளில் யார் என்ன சொன்னாலும் சிரித்து வைக்கிற பெரியம்மா. ஜூலை 14 அன்று நான் சிரித்து வைத்த அதே சிரிப்பு.

ஆகஸ்ட் 26-க்கு நாள் குறித்தார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

அம்மாவிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"தனிஸ்லாஸுக்கு. டாக்டருக்கு."

"அதோட நிக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போறது, வர்றது, நமக்குள்ள இருக்கட்டும். காரைக்கால்காரங்க வந்துட்டுப் போகட்டும். அக்காவுக்கு இருபத்தெட்டு வயசுல இது வந்தப்ப என்ன பேச்செல்லாம் பேசினாங்க தெரியுமா உனக்கு? செவிடு, செவிடுன்னு..." முடிக்கவில்லை. "நீ பேசாத பொண்ணுதானே. இன்னும் ஒரு மாசம் பேசாம இரு."

நான் பேசாத பெண்தான். ஆனால் பதினைந்து நாளில் இருநூறு பேருக்கு முன்னால், எந்தப் பதிவு சிறந்தது என்று என் காதை நம்பிச் சொல்லப் போகிறேன். "செலினுக்குத்தான் காது" என்று மதாம் சொல்லி அழைத்து வருகிற கூட்டம் அது. மறைகிற சிப்பாயை வாசித்தால் பொய். தலைப்பை மாற்றி வேறு ஏதாவது பொதுவாகப் பேசிவிட்டு இறங்கினால் பொய்யில்லை, ஆனால் திருட்டு போல இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பன்னிரண்டு பக்கத்தையும் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அலுவலகத்தில், யாரோ ஒருவருடைய பெற்றோரின் திருமணச் சான்றிதழுக்கு நடுவில், தோன்றிவிட்டது! எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் கரண்ட் அடித்துவிட்டதா என்று கேட்டார்.

மாலையில் நேராக மிஷன் வீதி. "உங்க கருவியில இடது பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்க முடியுமா? யாருக்கும் தெரியாம?"

தனிஸ்லாஸ் ஒரு குமிழைக் காட்டினார். "இத வலது பக்கம் திருப்பினா இடது பக்கம் செத்துரும். எதுக்கு?"

சொன்னேன். அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் ஏறியது. "நிச்சயமாவா? அம்மா?"

"அம்மா கிட்ட இன்னும் சொல்லல."

"செலின், மைக்கு முன்னாடி நின்னுட்டு அப்புறம் வேணாம்னா, என்னப் பாத்து ஒரு தடவ தலையாட்டுங்க. குமிழைத் தொட மாட்டேன்."

ஆகஸ்ட் 15, வியாழன்

இரட்டை விடுமுறை: மாதா திருநாள், சுதந்திர நாள். பூசை முடிந்து வரும் வழியில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நான் வரமாட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

எழுதியே ஆக வேண்டும், இன்றைக்கே, தூங்குவதற்கு முன்பே.

அரங்கம் நிறைந்துவிட்டது. பின்னால் நின்றுகொண்டும் ஆட்கள். மேசை மேல் மூன்று காக்கிப் பொட்டலங்கள், அவற்றுக்கு முன்னால் மதாம் வைத்த உண்மையான காய்கள் மூன்று. வெண்டையைப் பற்றிச் சொன்னேன், முதல் பாட்டைப் போட்டேன், ரசித்தார்கள். முருங்கையைப் பற்றிச் சொன்னேன். "நீளம், சாறு கொஞ்சம்" என்றதும் ஒரு பெரிய சிரிப்பு. இருநூறு பேரைச் சிரிக்க வைத்தேன், நான்!

பிறகு கத்தரி. கடைசி வரிசையில், கதவை ஒட்டி, நீலப் புடவை. அம்மா.

பக்கங்களைக் கையில் எடுத்தேன். தனிஸ்லாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டவில்லை.

இசை ஆரம்பித்தது. என் பன்னிரண்டு பக்கத்திலிருந்து வாசித்தேன், வரிகளுக்கு இடையே நிறுத்தி நிறுத்தி. "கேளுங்கள். அவன் கெஞ்சுகிறான். அவள் நம் பக்கத்தில் இருக்கிறாள். அவன்?" குமிழ் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கெஞ்சலுக்கும் அவன் ஓர் அடி பின்னால் போனான். "உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு அவன் இல்லாதவன்." முன்வரிசையில் ஒரு மாணவி வேகவேகமாகக் குறிப்பெடுத்தாள். ஒரு பெரியவர் கண்ணை மூடி ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார். அவன் முழுதாக மறைந்தபோது அரங்கத்தில் ஒரு சின்ன பெருமூச்சு கேட்டது. முசே பிரகாசம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிறுத்தச் சொன்னேன்.

"அழகா இருக்கு, இல்லையா? இப்ப நான் சொன்னது அத்தனையும் தப்பு."

சலசலப்பு.

"அதே துண்டு. தனிஸ்லாஸ், இந்தத் தடவை ரெண்டு பக்கமும்."

சிப்பாய் இடது ஒலிபெருக்கியிலிருந்து புலி மாதிரி பாய்ந்தான். முன்வரிசையில் சிலர் பின்னால் சாய்ந்தார்கள். முடிந்ததும் சொன்னேன், எழுதி வைக்காத வார்த்தைகளில். எனக்கு இடது காது கேட்பதில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு வரை அது எனக்கே தெரியாது. நீங்கள் முதலில் கேட்டது கத்தரி இல்லை, என் காது. நான் அதை நம்பி ஒரு கொள்கையே எழுதினேன், நீங்களும் அஞ்சு நிமிஷம் நம்பினீர்கள். பெயர் தெரிந்தால் ஒருதலையாகக் கேட்போம் என்று இங்கே உறைகளைத் தாளில் சுற்றி வைக்கிறோம். தலையையே யார் சுற்றி வைப்பது? அதனால் இன்று நான் வாக்களிக்கவில்லை. என்னிடம் பாதிதான் இருக்கிறது. முழுதாகக் கேட்டவர்கள் சொல்லுங்கள்.

கைதட்டல் உடனே வரவில்லை. முதலில் ஒரு நாற்காலி இழுபட்டது. முசே பிரகாசம் எழுந்து விறைப்பாக நின்று எனக்குச் சல்யூட் அடித்தார். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அம்மா படிக்கட்டில் காத்திருந்தாள். என் இடது பக்கம் வந்தவள், நினைவு வந்து, சுற்றிப்போய் வலது பக்கம் நின்றாள். "அக்காவுக்கும் யாராவது இப்படி ஒரு குமிழத் திருப்பிக் காட்டியிருந்தா..." என்றாள். பிறகு, "காரைக்கால்காரங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். வந்தா வரட்டும்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கத்தரி வென்றது. உறையைப் பிரித்தோம். யார் பாடியது என்று இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் வாக்களிக்காத யாராவது இதைப் படித்துவிட்டால்?

ஆகஸ்ட் 22, வியாழன்

காரைக்கால்காரர்கள் திரும்ப அழைக்கவில்லை. அம்மா ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நாளைக்கு. பயமாக இருக்கிறது, இதை ஒரு முறை எழுதினால் போதும். நூறில் ஒன்று. மதியம் வெண்டை கேட்டேன். அதற்கு இடமும் இல்லை வலமும் இல்லை. நாளை எது எப்படிப் போனாலும் வெண்டை எனக்கு முழுதாக இருக்கும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மரத்துப்போக ஊசி மட்டும்தான். விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். முகத்தின் மேல் பச்சைத் துணி. ஏதோ சுரண்டுகிற உணர்வு, வலி இல்லை. திடீரென்று, இடது பக்கம், தட்டில் கத்தரிக்கோல் வைக்கிற சத்தம். டாக்டர் மெல்லிய குரலில், "செலின், கேக்குதா?"

எந்தப் பக்கத்திலிருந்து பேசினார் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்கள். தலை சுற்றுகிறது. எழுதக் கூடாது என்றார்கள். இவ்வளவுதான்.

செப்டம்பர் 2, திங்கள்

பஞ்சை எடுத்தார்கள். உலகம் முழுவதும் தகர டப்பாவுக்குள் நடக்கிறது. ஆட்டோ சத்தத்துக்கு அலறிவிட்டேன். போகப் போகச் சரியாகுமாம்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தேன். அம்மா இடது பக்கம் நின்று வெண்டைக்காய் நறுக்கினாள். நறுக், நறுக், நறுக். காம்பு போகும்போது ஒரு சத்தம், நடுவில் வேறு சத்தம், கத்தி பலகையைத் தொடும்போது இன்னொன்று. இத்தனை வருடம் அவள் இதை எனக்குக் கேட்காமலேயே செய்துகொண்டிருந்தாளா?

"என்னடி பாக்கற?"

"பாக்கலம்மா."

செப்டம்பர் 22, ஞாயிறு

ஹெட்போன் மாட்டலாம், சத்தம் குறைவாக என்று டாக்டர் அனுமதித்துவிட்டார். அறுவை முடிந்து நான்கு வாரம். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே மதாம் வீட்டுக்குப் போய்விட்டேன். தனிஸ்லாஸ் அந்தப் பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்திருந்தார். இடம், வலம் என்று புதிதாகப் பெயின்டால் எழுதியிருந்தார்.

கத்தரி, கடைசிக் காட்சி, குறைந்த சத்தத்தில். அவள் வலது பக்கம் நின்றாள், எப்போதும் போலக் கிட்டத்தில். பிறகு அவன் இடது பக்கம் வந்து நின்றான். குரல் இன்னும் கொஞ்சம் தகரம்தான். ஆனால் ஆள் முழுதாக இருந்தான், வியர்வையோடு. இருவருக்கும் நடுவில் நான். ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துகிறார்கள், இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. இது சண்டை! இத்தனை நாள் நான் அவளுடைய பாதியை மட்டும் கேட்டுவிட்டு, அவளுக்குப் பயமில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பயம் இருக்கிறது. இருந்தும் மாட்டேன் என்கிறாள்.

முசே பிரகாசம் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா மத்மசேல், ஆளு இருக்கானா?" என்றார்.

"இருக்கான் முசே. கடற்கரை வரைக்கும் கேக்குது."

கூட்டம் முடிந்து தட்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, தனிஸ்லாஸ் என் வலது பக்கம் வந்து நின்றார். "ஜூலை பதினாலாம் தேதி கடற்கரையில உங்க கிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

"எனக்கு அன்னைக்குக் கேக்கவே இல்ல" என்றேன். "இந்தப் பக்கம் வந்து கேளுங்க."

அவர் என்னைச் சுற்றி நடந்து இடது பக்கம் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார். என்ன கேட்டார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. இந்தத் தடவை நான் சிரித்து வைக்கவில்லை, பதில் சொன்னேன்.